செவெல்லின் 350-க்கு எந்த மேனிஃபோல்ட், எந்தக் கார்புரேட்டர்?

பழைய அமெரிக்க மஸில் கார் ஒன்றின் பானட்டைத் திறந்து வைத்தால் போதும், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது "அந்தக் குவாட்ராஜெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ஹாலி மாட்டுங்கள், கூடவே அலுமினிய மேனிஃபோல்டும்" என்று சொல்லிவிடுவார். குவாட்ராஜெட் வண்டியோடு வரும் கார்புரேட்டர், ஹாலி வேறொரு தயாரிப்பாளருடையது. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும், மேனிஃபோல்ட் அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும். பல வருடமாகச் சுற்றிவரும் ஆலோசனை இது. அதில் பாதி சரி என்பது என் கருத்து.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். 1971 செவ்ரோலெட் செவெல், எல்48 என்ற 350 கன அங்குல (5.7 லிட்டர்) வி8 எஞ்சின். அந்த வருடம்தான் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. இந்த எஞ்சினுக்கு 8.5:1, பழைய கிராஸ் கணக்கில் (துணைப் பாகங்களின் சுமை இல்லாமல் எஞ்சினைத் தனியாக அளப்பது) 270 குதிரைத்திறன். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் கம்பெனியிலிருந்து வந்தது, கியர்பாக்ஸ் மூன்று ஸ்பீடு டர்போ ஹைட்ராமேட்டிக் 350. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சுற்று, எப்போதாவது நெடுஞ்சாலையில் ஓர் அழுத்து. இப்படி ஓடும் வண்டி பெரும்பாலான நேரம் 1500-க்கும் 3500-க்கும் இடைப்பட்ட ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) இருக்கும். கீழே சொல்வதையெல்லாம் இந்த எண்ணை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் மேனிஃபோல்ட்

கார்புரேட்டரை முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ற மேனிஃபோல்ட் தேடுகிறவர்கள் அதிகம். நான் தலைகீழாகச் செய்வேன். எஞ்சினின் குணத்தை மாற்றுவது மேனிஃபோல்ட்.

தெருவில் ஓடும் வி8-களில் பெரும்பாலும் இருப்பது டூயல் பிளேன். கார்புரேட்டருக்குக் கீழே உள்ள அறை இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நான்கு சிலிண்டருக்குக் காற்று கொடுக்கும். செவ்ரோலெட்டின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. இதில் அடுத்தடுத்து வரும் சிலிண்டர்கள் மாறிமாறி எதிரெதிர் அறையிலிருந்து உறிஞ்சும். அதனால் ஓர் அறைக்கு 180 டிகிரிக்கு ஒருமுறைதான் இழுப்பு. பக்கத்துச் சிலிண்டரின் காற்றை இன்னொன்று திருடுவதில்லை. குழாய்கள் நீளம், காற்றின் வேகம் அதிகம், பெட்ரோல் துளிகள் சுவரில் படியாமல் காற்றோடு கலந்தே போகும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை கிடைப்பது இதனால்தான். சிங்கிள் பிளேனில் எட்டுக் குழாயும் ஒரே பெரிய அறையில் திறக்கும். குழாய்கள் குட்டையாக, நேராக இருக்கும். எஞ்சின் உச்சத்தில் சுற்றும்போது தாராளமாக மூச்சு விடலாம், கீழே காற்று சோம்பேறியாகிவிடும்.

மேனிஃபோல்ட் தயாரிக்கும் எடெல்பிராக் நிறுவனம் தரும் எண்களைப் பார்த்தாலே இது விளங்கும். அவர்களுடைய பெர்ஃபார்மர் 2101 ஐடிலிலிருந்து 5500 ஆர்பிஎம் வரைக்கும், பெர்ஃபார்மர் ஆர்பிஎம் 7101-ம் அதன் ஏர்-கேப் வடிவமான 7501-ம் 1500 முதல் 6500 வரைக்கும், விக்டர் ஜூனியர் என்ற சிங்கிள் பிளேன் 3500 முதல் 8000 வரைக்கும். நம் செவெல் வாழ்கிற இடத்தில் விக்டர் ஜூனியர் விழித்தே எழாது. பானட்டைத் திறந்தால் பார்க்க அழகாக இருக்கும், சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி தயங்கும். பெரிய கேம், உயர் கம்ப்ரஷன், 4.10 மாதிரி பின் ஆக்சில் கியர், எஞ்சினை அதிகம் சுற்றவிட்ட பிறகே வண்டியை இழுக்கும் லூஸான டார்க் கன்வர்ட்டர் எல்லாம் சேர்ந்திருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மிச்சமிருப்பவை மூன்று. கம்பெனி வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் டூயல் பிளேன்தான், எல்லாரும் நினைப்பதுபோல மோசமானதும் அல்ல. பெர்ஃபார்மர் 2101 கிட்டத்தட்ட அதே உயரம், அதே குணம். அதை மட்டும் மாற்றினால் பிக்கப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. முன்சக்கரங்கள் மேலிருந்து எடை குறையும். அலுமினியம் இரும்பின் எடையில் பாதிகூட வராது, ஒரே ஆள் தூக்கி வைத்துவிடலாம். நிஜமான வித்தியாசம் தெரிவது பெர்ஃபார்மர் ஆர்பிஎம் மேனிஃபோல்டில். கீழே விட்டுக்கொடுப்பது கொஞ்சம்தான், 3500-க்கு மேல் எஞ்சின் மூச்சுத் திணறாமல் ஏறும். 1970-ல் கமாரோ இசட்28-க்கு வந்த எல்டி-1 எஞ்சினில் ஜெனரல் மோட்டார்ஸே உயரமான அலுமினிய டூயல் பிளேனும் 780 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) ஹாலியும்தான் வைத்தது. ஆர்பிஎம்மின் யோசனை அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

ஏர்-கேப்பில் குழாய்களுக்கும் எஞ்சினின் சூடான எண்ணெய்ப் பள்ளத்துக்கும் நடுவே காற்று புகும் இடைவெளி உண்டு. உள்ளே போகும் கலவை குளிர்ச்சியாக இருக்கும், அந்த அளவுக்குச் சக்தி கூடும். குளிர்காலக் காலையில் எஞ்சின் சூடாக நேரம் பிடிக்கும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. அரிசோனாவில் இருப்பவருக்கு ஏர்-கேப், மிஷிகனில் அக்டோபரிலும் வண்டி எடுப்பவருக்குச் சாதாரண ஆர்பிஎம் என்பேன்.

உயரத்தை மட்டும் மறக்கக் கூடாது. தட்டையான பானட் உள்ள வண்டிக்கு ஆர்பிஎம் வாங்கும் முன், இப்போதிருக்கும் ஏர் கிளீனர் மூடிமேல் களிமண் உருண்டைகளை வைத்து பானட்டை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். நசுங்கி நிற்கும் களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு மிச்சமிருக்கும் இடம்.

கார்புரேட்டர்: எவ்வளவு காற்று வேண்டும்?

கணக்கு எளிது. கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். 350 × 5500 ÷ 3456 = 557 சிஎஃப்எம். இது சிலிண்டர் நூறு சதவீதம் நிரம்பினால். சாதாரணத் தெரு எஞ்சின் 85 சதவீதம் நிரம்பினாலே நல்லது. அப்படியானால் சுமார் 473. எனவே 600 சிஎஃப்எம் கார்புரேட்டர் தாராளம். 750 டபுள் பம்பர் (முன்பின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பெட்ரோல் பம்ப் உள்ள ஹாலி வகை) வாங்கி மாட்டிவிட்டு, மிதித்ததும் வண்டி ஒரு கணம் செத்து எழுகிறதே என்று காரணம் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பணமும் போய், ஓட்டும் சுகமும் போய்விடுகிறது.

அப்படியானால் 750 சிஎஃப்எம் குவாட்ராஜெட் எப்படி இதே எஞ்சினில் நன்றாக ஓடுகிறது? அதில்தான் அதை உருவாக்கிய ராச்செஸ்டர் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம். 1965-ல் வந்த இந்தக் கார்புரேட்டரின் முன்னிரண்டு துளைகள் 1⅜ அங்குலம்தான். பின்னிரண்டும் 2¼ அங்குலம். மெதுவாக ஓட்டும்போது சின்னத் துளைகள் மட்டும் வேலை செய்யும்; காற்று வேகமாகப் போகும், பெட்ரோல் நன்றாகத் துகளாகும், மைலேஜும் கிடைக்கும். முழுதாக மிதித்தால் பின்பக்கம் திறக்கும், ஆனால் மேலே உள்ள ஏர் வால்வு எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டுமே காற்றை விடும். 350-க்கு மேல் பெரிய எஞ்சின்களுக்கும் அதே உடல் பொருந்தியது இதனால்தான்.

அதன் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. அடியிலுள்ள அடைப்புகள் வழியாகப் பெட்ரோல் கசியும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பழைய ஃப்ளோட் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து காற்று புகும். மூன்றுக்கும் மருந்து உண்டு: அடைப்புகளுக்கு எபாக்சி, புது ஃப்ளோட், ஷாஃப்டுக்குப் புஷ். ஐம்பது வருடத் தேய்மானத்தை வடிவமைப்பின் குறையாகப் பார்ப்பது அநியாயம்.

எடெல்பிராக் 1406 கார்புரேட்டர், 600 சிஎஃப்எம், குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் எலக்ட்ரிக் வகையில் வரும். 1957-ல் வந்த கார்ட்டர் ஏஎஃப்பி கார்புரேட்டரின் வழிவந்தது. கார்புரேட்டரைக் கழற்றாமலே மேலிருந்து, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் ராடை மாற்றலாம். கை பழகாதவர் டியூன் செய்ய இதைவிட எளிதானது எனக்குத் தெரியாது. பெட்ரோல் பிரஷர் 6 பிஎஸ்ஐ தாண்டினால் இதற்குப் பிடிக்காது, ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு வழியும். எஞ்சின் சூட்டில் நின்றால் உள்ளிருக்கும் பெட்ரோல் கொதிக்கும் தொல்லையும் உண்டு, எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னும் அதிகம். அடியில் ஒரு வெப்பத்தடுப்பு ஸ்பேசர் வைத்தால் பெரும்பாலும் தீரும்.

ஹாலியில் நம் வண்டிக்குரியது 600 சிஎஃப்எம் வேக்குவம் செகண்டரி (பின்துளைகள் வேக்குவத்தால் திறக்கும் வகை) 1850. நன்றாக டியூன் செய்த ஹாலிபோல மிதித்ததும் பதில் சொல்லும் கார்புரேட்டர் குறைவு. ஆனால் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளைத் திருகு) மாற்ற பெட்ரோல் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும், கேஸ்கட் கசியாமல் மறுபடி பூட்ட வேண்டும். வாரக்கடைசியில் கையில் ஸ்பானரோடு இருப்பதே சந்தோஷம் என்பவருக்கு இது சரி.

என் தேர்வைக் கேட்டால்: பெர்ஃபார்மர் ஆர்பிஎம், அதன்மேல் சீர்செய்த அதே குவாட்ராஜெட். ஆர்பிஎம்மில் குவாட்ராஜெட்டுக்கென்றே 7104 என்ற வார்ப்பு உண்டு. நான்கு துளையும் ஒரே அளவான சதுரத் துளை மேனிஃபோல்டில் அடாப்டர் தட்டு வைத்துக் குவாட்ராஜெட்டை உட்காரவைக்காதீர்கள். அந்தப் பெரிய பின்துளைகளில் வரும் காற்று தட்டின் விளிம்பில் முட்டும். குவாட்ராஜெட் சீர்செய்ய முடியாத அளவு தேய்ந்திருந்தால் 7101-ம் 1406-ம்.

மாட்டும்போது

வாங்கும் முன் சிலிண்டர் ஹெட்டைப் பாருங்கள். மேலே சொன்னவையெல்லாம் 1986 வரையிலான ஹெட்டுக்கு. யாராவது இடையில் 1996 முதல் வந்த வோர்டெக் ஹெட் மாட்டியிருந்தால் பன்னிரண்டு போல்டுக்குப் பதில் எட்டுதான் இருக்கும், மேனிஃபோல்டே வேறு.

குவாட்ராஜெட்டின் பழைய சோக் சுருள் இரும்பு மேனிஃபோல்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். புது மேனிஃபோல்டில் அதற்கு இடமில்லையென்றால் எலக்ட்ரிக் சோக்குக்கு மாற வேண்டும். அழுத்தி மிதித்ததும் கீழ் கியருக்கு மாறவைக்கும், கியர்பாக்ஸின் கிக்டவுன் கேபிளையும் புது லீவருக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். முன்பே யாரோ 700ஆர்4 கியர்பாக்ஸ் மாட்டிய வண்டி என்றால் இன்னும் கவனம். த்ராட்டிலோடு அதை இணைக்கும் டிவி கேபிளின் கோணம் தவறினால் உள்ளே பிரஷர் குறைந்து கிளட்ச் எரிந்துவிடும்.

மேனிஃபோல்டின் முன்னும் பின்னும் வைக்கும் கார்க் கேஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஆர்டிவி சிலிகானைத் தடிமனாக ஒரு வரி இடுங்கள். எங்கள் வேலையில் ஒருமுறை பின்பக்கக் கார்க் நழுவி, எண்ணெய் கியர்பாக்ஸ் மேலெல்லாம் வழிந்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். போல்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று சுற்றாக 25 அடி-பவுண்டுக்கு இறுக்க வேண்டும். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கும் முன் அதனுள் சுற்றும் ரோட்டர் எங்கே பார்க்கிறது என்று குறித்துவைப்பது மறுநாள் முழுவதையும் மிச்சப்படுத்தும்.

கழற்றிய இரும்பு மேனிஃபோல்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, கராஜ் மூலையில் வையுங்கள். குவாட்ராஜெட்டின் பக்கவாட்டில் 7041 என்று தொடங்கும் எண் இருந்தால் அது 1971-க்கான கார்புரேட்டர், அந்த வண்டியோடே பிறந்ததாகவும் இருக்கலாம். ஒருவேளை நீங்கள் 1406-க்குப் போனாலும், அதையும் அதே துணிக்குள் சேர்த்து வையுங்கள்.