எழுத்துக்குள் மலை தெரியணும்: பவர்கிளிப்பா, கிளிப்பிங் மாஸ்க்கா?

தேர்த் திருவிழா நோட்டீஸ், தேயிலைப் பக்கெட் லேபிள், பாலர் பாடசாலை பேனர். இலங்கை மலையகத்து ஹட்டனில் டிசைன் வேலைக்கு உட்கார்ந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "எழுத்துக்குள்ள மலை தெரியணும் தம்பி." வடிவத்துக்குள் மட்டும் படம் தெரிய வேண்டும், மிச்சம் மறைய வேண்டும். கோரல்ட்ரோ, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் என்ற மூன்று டிசைன் மென்பொருளிலும் இதை மாறி மாறிச் செய்து பார்த்திருக்கிறேன்.

அவசர வேலைக்கு எனக்குக் கோரல்ட்ரோதான். அதில் இதன் பெயர் பவர்கிளிப். படத்தைத் தெரிந்து, 'பிளேஸ் இன்சைட் ஃப்ரேம்' கொடுத்து, வருகிற அம்புக்குறியால் வடிவத்தைத் தொட்டால் படம் உள்ளே போய் உட்காரும். எது மேலே, எது கீழே என்று பார்க்கத் தேவையில்லை. வடிவத்தின் நிறமும் ஓரக்கோடும் அப்படியே நிற்கும். கோயில்காரர் வந்து "கோபுரத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க" என்றால், உள்ளே போய்த் தள்ளிவிட்டு வெளியே வரலாம்.

இல்லஸ்ட்ரேட்டர் கொஞ்சம் கண்டிப்பானது. அதில் இதன் பெயர் கிளிப்பிங் மாஸ்க். எந்த வடிவத்துக்குள் படம் தெரிய வேண்டுமோ, அது எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். இரண்டையும் தெரிந்து கன்ட்ரோல் 7 அழுத்தினால், அந்த வடிவம் தன் நிறத்தையும் கோட்டையும் இழந்துவிடும். தங்க நிற ஓரம் வேண்டுமென்றால் பிறகு அதை மட்டும் தனியே தெரிந்து போட வேண்டும். எழுத்தை எழுத்தாகவே வைத்து மாஸ்க் செய்ய முடிவது இதன் நல்ல குணம். பிழை திருத்தம் வந்தாலும் பயமில்லை. ஆனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துரு நம் பக்கம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகி நிற்கும். அதனால் எழுத்தை அவுட்லைன், அதாவது வெறும் வடிவம் ஆக்கி, கன்ட்ரோல் 8 அழுத்தி எல்லா எழுத்தையும் ஒரே வடிவமாகச் சேர்க்கும் காம்பவுண்ட் பாத் ஆக்கிய பிறகே மாஸ்க் செய்கிறேன். அந்த எட்டை மறந்துவிட்டு, ஏன் ஒரு எழுத்துக்குள் மட்டும் மலை தெரிகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்ட இரவுகள் உண்டு.

இங்க்ஸ்கேப்புக்குக் காசில்லை; வீட்டு லேப்டாப்பில் இருப்பது அதுதான். அதன் 'கிளிப்' இல்லஸ்ட்ரேட்டரின் வழியில்தான் போகும்: மேலே இருக்கும் வடிவத்துக்குள்தான் படம் தெரியும், அந்த வடிவத்தின் நிறம் போய்விடும். ஓரக்கோடு வேண்டுமானால் முன்கூட்டியே கன்ட்ரோல் டி அழுத்திப் பிரதி எடுத்து வைப்பேன். ஆனால் பக்கத்திலேயே 'மாஸ்க்' என்று இன்னொன்று இருக்கிறது, அதற்காகவே இதை விட மனமில்லை. கிளிப் கத்தரிக்கோல் மாதிரி, தெரியும் அல்லது தெரியாது. மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு மறையும், சாம்பல் பாதி தெரியும். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் கிரேடியன்ட்டை மலைப் படத்தின் மேல் வைத்து மாஸ்க் கொடுத்தால், விடிகாலை மூட்டத்தில் தேயிலை நிரைகள் கரைவது போலவே ஓரம் கரையும். இல்லஸ்ட்ரேட்டரிலும் ஒப்பாசிட்டி மாஸ்க் உண்டு. ஆனால் அது டிரான்ஸ்பரன்சி பேனலுக்குள் ஒளிந்திருப்பதால் புதிதாகப் பழகுகிறவர் கண்ணில் படாது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு வம்பு இருக்கிறது: எதுவும் நிஜமாக வெட்டுவதில்லை, மறைக்கத்தான் செய்கிறது. அச்சுக்குப் போனால் கவலையில்லை. ஸ்டிக்கர் கட்டிங் மெஷினுக்குப் போனால்தான் குட்டு வெளிப்படும். ஆட்டோக்கார அண்ணன் ஒருவருக்கு வேல் வடிவத்துக்குள் மயிற்பீலி வைத்துக் கொடுத்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. மெஷின் பீலியின் மறைந்திருந்த வால்களையும் சேர்த்தே வெட்டித் தள்ளியது. பிளேடுக்குப் பாதை மட்டும்தான் தெரியும், மாஸ்க் தெரியாது.

இப்போது கட்டிங் வேலை என்றால் மாஸ்க் பக்கமே போவதில்லை. இங்க்ஸ்கேப்பில் 'இன்டர்செக்ஷன்', கோரலில் 'இன்டர்செக்ட்' (இது மூல வடிவங்களை விட்டுவைக்கும், அவற்றை நாமே அழிக்க வேண்டும்), இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைன்டர் பேனலின் 'கிராப்'. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகள் உண்மையாகவே போய்விடும், பிறகு திருத்த வழியில்லை. அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனிக் கோப்பில் போட்டுவைக்கிறேன். அண்ணனின் வேலை இரண்டாம் முறை அப்படித்தான் வெட்டினோம், என் செலவில்.