கம்பிக்காரனும் மதகுக்காரனும்

ஐப்பசி மழை பிடிக்குமுன்பே உப்புவெளிக் கரண்ட் கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசை கட்டிவிடும். தொண்டை செங்காவி, கீழே கருநீலப் பட்டி, வயிறு வெள்ளை. பனிக்காலம் முடிந்ததும் வடக்கே போய்விடும். இங்கே கூடு கட்டாது.

இலங்கைத் தகைவிலான் வேறு ரகம். செக்ரோபிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது; இந்த இனம் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. தொண்டையிலிருந்து வயிறு முழுக்கச் செம்பழுப்பு, இடுப்பும் அப்படித்தான். மதகுக்கு அடியில் குனிந்து பாருங்கள்: சேற்று உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கட்டிய கூடு, கழுத்து நீண்ட சுரைக்குடுக்கையைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி. நுழைவது அந்தக் கழுத்து வழியே.

இரண்டையும் பிரித்தறிய வால் நீளத்தை நம்ப வேண்டாம், இளசுகளுக்கு இரண்டிலும் குட்டைதான். வயிற்றைப் பாருங்கள், போதும். சரி, எனக்கு எது பிடிக்கும்? மதகுக்காரன்தான். பங்குனி வெயிலிலும் ஊரில் இருக்கிறானே!