தவறான ஓம் இணைப்பில் எரிந்துபோன ஆம்ப்ளிஃபயர்: காரில் சப்வூஃபர் பொருத்தவிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், திருச்சியில் கார் ஆடியோ பொருத்தித் தரும் ஒரு கடையில் இருபத்து நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து என் காருக்கு ஒரு சப்வூஃபரும் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். நான்கு மாதம் முடிவதற்குள் ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிட்டது. இடைப்பட்ட நாட்களில் அதே கடைக்காரரின் பேச்சைக் கேட்டு, தேவையே இல்லாத ஒரு பேட்டரிக்கும் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் ஒரு கெப்பாசிட்டருக்கும் மேலும் ஒன்பதாயிரம் ரூபாய் செலவழித்தேன். இத்தனைக்கும் காரணம், சப்வூஃபர் பெட்டிக்குள் விரல் நீளம்கூட இல்லாத இரண்டு துண்டு ஒயர்களை அவர்கள் இணைத்திருந்த விதம்தான்.

நான் வாங்கியது இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர். இரண்டு சேனல்களையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, ஒரே சப்வூஃபருக்குக் கொடுத்தால் 4 ஓமில் 300 வாட் தரும் என்று அதன் கையேடு சொல்கிறது. ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு; அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிகக் கரண்ட் தர வேண்டியிருக்கும். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகளுக்கு மேலேயே, ஸ்டீரியோவாக, அதாவது சேனலுக்கு ஒரு ஸ்பீக்கராக இயக்கினால் குறைந்தது 2 ஓம், பிரிட்ஜ் செய்தால் குறைந்தது 4 ஓம் என்று அச்சிட்டும் இருந்தது. அந்த வரியை நான் கடையிலேயே படித்தேன். ஆனால் அதன் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை. சப்வூஃபர் 12 அங்குலம், இரட்டை வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரை அதிரவைக்கும் கம்பிச்சுருள்) கொண்டது, ஒவ்வொரு காயிலும் 4 ஓம். இந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பொருத்தமானது இரட்டை 2 ஓம் காயில் உள்ள சப்வூஃபர். அதன் இரு காயில்களையும் தொடர் இணைப்பில், அதாவது சீரிஸில் போட்டால் சரியாக 4 ஓம் வந்துவிடும். கடையில் அந்த வகை இருப்பில் இல்லை. இருந்ததை விற்றுவிட்டார்கள்.

இரட்டை 4 ஓம் சப்வூஃபரின் இரு காயில்களையும் ஒன்றுசேர்த்து இரண்டே விதமாகத்தான் இணைக்க முடியும். சீரிஸில் போட்டால் 8 ஓம்; பேரலலில், அதாவது பிளஸோடு பிளஸும் மைனஸோடு மைனஸும் சேர்த்துப் போட்டால் 2 ஓம். 4 ஓம் எந்த வழியிலும் வராது. 8 ஓமில் ஆம்ப்ளிஃபயர் பத்திரமாக ஓடும், ஆனால் ஏறக்குறைய பாதி பவர்தான் தரும். பொருத்தியவர் என்னிடம், "டூ ஓம்ல போட்டாத்தான் சார் பஞ்ச் வரும், பவர் டபுளாயிடும்" என்றார். தகுந்த ஆம்ப்ளிஃபயராக இருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஓம் பாதியானால் கரண்ட் இரட்டிப்பாகும். அந்தக் கரண்டைத் தாங்கும்படி வடிவமைத்த மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ளிஃபயர்கள் 2 ஓமிலும், சில 1 ஓமிலும்கூட நிம்மதியாக ஓடும். பிரிட்ஜ் செய்த இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரின் நிலை வேறு. அங்கே இரண்டு சேனல்களும் ஒரே சுமையை, அதாவது சப்வூஃபரை, இரு முனைகளிலிருந்து எதிரெதிராக இயக்குவதால், ஒவ்வொரு சேனலுக்கும் அந்தச் சுமையின் பாதிதான் தெரியும். பெட்டியில் 2 ஓம் இருந்தால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 1 ஓமாகிவிடுகிறது. 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாத சேனல் 1 ஓமில் எத்தனை நாள் தாங்கும்?

முதல் வாரமே அறிகுறி தெரிந்தது. தஞ்சாவூருக்குப் போகும்போது செங்கிப்பட்டியைத் தாண்டுவதற்குள் பேஸ் நின்றுவிட்டது; டிக்கியைத் திறந்தால் ஆம்ப்ளிஃபயரில், தன்னைக் காத்துக்கொள்ள அது நின்றுவிட்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, மேல் தகட்டில் கை வைக்க முடியாத சூடு. கடைக்குக் கொண்டுபோனபோது, ஓம் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பேட்டரி வீக்காக இருக்கிறது என்று புதியது மாற்றினார்கள். மறுபடியும் நின்றது. பேஸ் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்குகிறது என்று கெப்பாசிட்டர் மாட்டினார்கள். மூன்றாவது முறை ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸே போனது. அப்போது அவர்கள் செய்ததுதான் எனக்கு இன்றும் நெஞ்சைப் பதறவைக்கிறது: 30 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு, "இனிமே போகாது சார்" என்று 50 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி அனுப்பினார்கள். கரண்ட் அளவு மீறும்போது தானே உருகிச் சுற்றைத் துண்டிப்பதற்காகத்தான் ஃபியூஸ் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் கோளாறு தீராது, உருக வேண்டியது உருகாமல் நின்று அந்தச் சூடு ஒயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் போகும்.

அப்படித்தான் ஆயிற்று. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பின் இருக்கையில் இருந்த என் மகள், "அப்பா, ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள். வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தபோது மெல்லிய புகை வந்தது. பேட்டரி முனையைக் கழற்ற ஸ்பேனர் தேடிய அந்த ஓரிரு நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை. போனது ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான் என்பதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

எங்கள் தெருவில் டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். ஒயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார், 1.8 என்று காட்டியது. பிறகு சப்வூஃபரைத் திருகாணி கழற்றி வெளியே எடுத்து, இரண்டு பிளஸ் முனைகளையும் ஒரு துண்டு ஒயராலும், இரண்டு மைனஸ் முனைகளையும் இன்னொரு துண்டாலும் சேர்த்திருந்ததைக் காட்டினார். அந்தத் துண்டுகளை நீக்கி ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாக அளந்தபோது 3.6. ஒன்றின் மைனஸை மற்றொன்றின் பிளஸோடு சேர்த்து அளந்தபோது 7.2. மீட்டர் காட்டும் எண் பெரும்பாலும் அச்சிட்ட ஓமைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், 4 ஓம் காயில் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டினால் அது நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள், என்று விளக்கினார். முழுச் சோதனைக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை. மூன்று முறை வண்டியை வாங்கி வைத்துக்கொண்ட கடையில் ஒருவரும் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடவில்லை.

ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையம் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆகியிருப்பதாகவும், அனுமதித்த அளவுக்குக் குறைவான ஓமில் இயக்கியதால் வாரண்டி செல்லாது என்றும் எழுதிக் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், நான் வால்யூமை அதிகம் வைத்ததுதான் காரணம் என்கிறார்கள். பில்லில் "சப் ஆம்ப் செட்" என்ற மூன்று சொற்களைத் தவிர மாடலும் இல்லை, ஓமும் இல்லை, பொருத்துக்கூலியும் தனியாக இல்லை. நான் விட்ட பெரிய பிழை அந்த பில்லை அப்படியே வாங்கிக்கொண்டதுதான்.

சப்வூஃபர் பொருத்தவிருப்பவர்கள் தயவுசெய்து பணம் கொடுப்பதற்கு முன் ஆம்ப்ளிஃபயர் மீது அச்சிட்ட குறைந்தபட்ச ஓமைப் பாருங்கள்; பிரிட்ஜ் செய்வதாக இருந்தால் ஸ்டீரியோவுக்கான எண்ணை அல்ல, பிரிட்ஜுக்கான எண்ணைப் பாருங்கள். அதன் பிறகே சப்வூஃபரைத் தேர்ந்தெடுங்கள். 2 ஓம் மோனோ ஆம்ப்ளிஃபயராக இருந்தால் இரட்டை 4 ஓம் சப்வூஃபர் ஒன்றை பேரலலில் போடுவது மிகப் பொருத்தம். அதே வகையில் இரண்டு சப்வூஃபர் வைத்து நான்கு காயில்களையும் பேரலலில் போட்டால் 1 ஓமுக்கு இறங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த இரண்டையும் 2 ஓமில் நிறுத்த வழியே இல்லை, 4 ஓமில் நிறுத்தலாம். பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் மாட்டும் முன் உங்கள் கண்ணெதிரே மீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணையும் இணைப்பு முறையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் அடிக்கடி புரொடெக்டுக்குப் போனால் பேட்டரி வாங்காதீர்கள், முதலில் ஓமை அளக்கச் சொல்லுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். சர்வீஸ் மையத்தின் கடிதம், 1.8 என்று காட்டிய மீட்டரின் படம், கழற்றி எடுத்த அந்த 50 ஆம்பியர் ஃபியூஸ் ஆகிய மூன்றையும் ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.