அம்மம்மாவின் டின்னா, கடையில் வாங்கிய பெட்டியா?

போன கிழமை ஒரு மருதமுனைச் சாரத்தின் மூட்டு விட்டுப்போச்சு. நல்ல பருத்திக் கைத்தறி, பல வருடம் உடுத்தது. தைக்க இருந்தபோது இரண்டு பெட்டிகளைத் திறந்தேன். ஒன்று அம்மம்மாவின் பழைய பிஸ்கட் டின். மற்றது மட்டக்களப்பு நகரில் வாங்கிய பிளாஸ்டிக் தையல் பெட்டி.

டின்னிலிருந்த மரக்கட்டை நூல் பார்க்க அழகு. ஒரு முழம் உருவி இரண்டு கையாலும் இழுத்தேன், 'பட்'டென்று அறுந்தது. பழைய நூலுக்கு இதை விட வேறு சோதனை தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, மாரியில் கதவே இறுகிப்போகிற ஊர் இது. இங்கே அலுமாரிக்குள் கிடக்கும் பருத்தி நூலைப் பூஞ்சணம் விட்டு வைக்காது. ஊசிகளிலும் துரு. அதால் வெள்ளைச் சட்டையைத் தைத்தால் கறைதான் மிஞ்சும். ஆனால் கத்தரிக்கோல் இன்னும் வெட்டுது, தெறிகள் அப்படியே இருக்கு. நூல் ஓடி ஓடிக் கீறு விழுந்த ஒரு மெழுகுத் துண்டும் கிடந்தது. நூலை அதில் ஒருக்கா இழுத்தால் சிக்குப்படாது. கடைப் பெட்டியில் அப்படி ஒன்று இல்லை.

கடைப் பெட்டியில் நிறங்களுக்குக் குறைவில்லை, ஆனால் ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து தெறி தைக்கத்தான் நூல். கத்தரிக்கோல் கடதாசிக்குக்கூடச் சரிவராது. பயணப் பையில் போட்டுவைக்க நல்லது, வீட்டுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி பெட்டிகளுக்குள் இல்லை, பருத்தி நூலுக்கும் பொலியெஸ்டர் நூலுக்கும்தான். பொலியெஸ்டர் உக்காது, சுருங்காது, கொஞ்சம் இழுபட்டும் கொடுக்கும். பள்ளிக்கூடத்து நீலக் காற்சட்டையின் பின்தையலுக்கு நான் வேறு நூல் தேடமாட்டேன். மதிலேறிக் குதிக்கிற பிள்ளைக்குப் பருத்தி நூல் எந்த மூலைக்கு?

பழைய சாரத்துக்கு அதே பலம்தான் வினை. துணி நைந்திருக்கு, நூல் இரும்பு மாதிரி. குந்தி எழும்பும்போது நூல் விட்டுக்கொடுக்காது, தையல் ஓட்டைகளின் வழியே துணிதான் கிழியும். நூல் அறுந்தால் பத்து நிமிடத்தில் திரும்பத் தைக்கலாம், கிழிந்த கைத்தறியை என்ன செய்வது? அதனால் சாரத்துக்குப் பருத்தி நூல்தான், அதுவும் புதுசு. லேபிளில் 'மெர்சரைஸ்ட்' என்று இருந்தால் எடுங்கள். ஜோன் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850இல் உரிமம் எடுத்த முறை அது. கோஸ்டிக் சோடாவில் பதப்படுத்துவதால் பருத்திக்குப் பலமும் கூடும், சாயமும் நன்றாகப் பிடிக்கும். பருத்தி நூலின் இலக்கம் கூடக் கூட நூல் மெல்லிசாகும். 40 தடிப்பு, 60 மெல்லிசு. நான் 50 எடுத்தேன்.

கண்ணுக்குத் தெரியாத நைலோன் நூலும் விற்கிறார்கள். அதன் நுனி கழுத்தில் குத்தும், அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல.

இப்போது டின்னுக்குள் புதுப் பருத்தி நூல் இரண்டு கட்டை, பொலியெஸ்டர் ஒன்று, துருப்பிடிக்காத ஊசிகள், அந்த மெழுகு. அறுந்த நூலோடு மரக்கட்டையும் ஒரு மூலையில் கிடக்கு. எறிந்தால் அம்மா கேட்பா.