இரவு ரயிலுக்கு முந்தைய எட்டு மணி நேரம்: அறையை நீட்டிப்பதா, வேறு வழி பார்ப்பதா?

ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயிலில் ஊர் திரும்புகிறவர்களுக்கு நண்பகல் 12 மணி ஒரு சிக்கலான நேரம். பெரும்பாலான ஹோட்டல்களில் அப்போதே அறையைக் காலி செய்ய வேண்டும். ரயிலுக்கோ இன்னும் எட்டு மணி நேரம் இருக்கும். சென்ற ஓராண்டில் பெற்றோருடன் இரண்டு முறை சென்று வந்த அனுபவத்தில், அந்த எட்டு மணி நேரத்தைக் கழிக்க உள்ள வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அரை நாள் வாடகை கொடுத்து அறையை நீட்டித்துக்கொள்வதே நல்லது என்பது என் முடிவு.

மூட்டை முடிச்சுகளை மட்டும் வைக்க இடம் தேடுகிறவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஹோட்டல் வரவேற்பறையிலேயே பெட்டிகளை வைத்துவிட்டுப் போகலாம்; பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை. பெரிய ரயில் நிலையங்களில் க்ளோக் ரூம் இருக்கிறது. பெட்டி பூட்டியிருக்க வேண்டும், பயணச்சீட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தனியாக வரும் இளைஞர்களுக்கு இது போதும்.

ராமேஸ்வரத்தில் குடும்பத்துடன் செல்கிறவர்களுக்குத் தேவைப்படுவது குளியலறையும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடமும்தான். அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி முடிக்கும்போது உடம்பில் உலர்ந்த இழை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஈர உடையுடன் மூலவரைத் தரிசிக்க விடமாட்டார்கள் என்பதால், பலரும் மாற்றுடை கொண்டுவந்து அங்கேயே மாற்றிக்கொள்கிறார்கள். முழங்கால் வலியுள்ள என் அம்மாவால், வழுக்கும் தரையில் அந்த நெரிசலில் நின்று புடவை மாற்ற முடியாது. எனவே அறைக்கு வந்து உடை மாற்றி, சாப்பிட்டுச் சற்றுப் படுத்திருந்துவிட்டு, மதியம் அடைத்த நடை மூன்று மணிக்குத் திறந்ததும் தரிசனத்துக்குப் போவதாக இரண்டு முறையும் திட்டமிட்டோம்.

முதல் முறை, சென்ற வைகாசியில், செக்-அவுட் நேரத்தை இலவசமாகத் தள்ளிக் கேட்டிருந்தோம். முந்தைய இரவு வரவேற்பு மேசையில் இருந்தவர், “அதுக்கென்ன சார், மூணு மணி வரைக்கும் இருங்க” என்றார். மறுநாள் பன்னிரண்டு மணி கடந்து பத்து நிமிடத்தில் நாங்கள் திரும்பியபோது, கதவில் வைத்த சாவி அட்டைக்குப் பச்சை விளக்கு எரியவில்லை. மூன்று முறை வைத்தும் சிவப்பே எரிந்தது. அம்மாவின் புடவையிலிருந்து சொட்டிய நீர் நடைக்கூடத்துத் தரையில் சிறு குட்டையாகத் தேங்க, அப்பா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். கீழே இருந்தவர் காலை ஷிப்டுக்கு வந்தவர். அவருக்கு எதுவும் தெரியாது, கணினியிலும் எதுவும் இல்லை, அடுத்த விருந்தினரோ வந்து காத்திருந்தார். முந்தைய இரவு பேசியவர் நல்ல மனத்துடன்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னது அவருடைய ஷிப்டோடு முடிந்துவிட்டது.

வாடகையையோ வசதியையோ விட, கொடுத்த நேரம் பதிவாகியிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்க இதுதான் காரணம். சாவி அட்டை எந்த மணியில் செயலிழக்க வேண்டும் என்பது அறை கொடுக்கும்போதே அதில் பதிவாகிவிடுகிறது. அறையைச் சுத்தம் செய்பவர்களும் காலையில் கையில் கொடுக்கப்படும், அன்று காலியாகும் அறைகளின் பட்டியலைப் பார்த்தே வேலை செய்கிறார்கள். வாய்மொழியாகக் கிடைத்த சலுகை இந்த இரண்டு இடங்களுக்கும் போய்ச் சேராவிட்டால், பன்னிரண்டு மணிக்கு அந்த அறை நம்முடையதல்ல.

இரண்டாம் முறை, மார்கழியில், வேறொரு ஹோட்டலில் அறை எடுக்கும்போதே மறுநாள் மாலை ஆறு மணி வரை வேண்டும் என்று கேட்டோம். ஒரு நாள் வாடகை 2,400 ரூபாய். அரை நாளுக்கு 1,200 ரூபாயும் அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டியாக 60 ரூபாயும் கூடுதலாகக் கேட்டார்கள். அதை அப்போதே செலுத்தி, ரசீதில் “மாலை 6 மணி” என்று எழுதி வாங்கி, சாவி அட்டையையும் அந்த நேரத்துக்கு மாற்றித் தரச் சொன்னேன். பணம் வாங்கியதால் அந்த நேரம் கணக்கில் ஏறியது. ஷிப்டு மாறியும் யாரும் கேள்வி கேட்கவில்லை. 1,260 ரூபாய் சிறிய தொகையல்ல. ஆனாலும் அம்மா இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கி எழுந்து, மாலையில் நெரிசலின்றித் தரிசனம் செய்தார்.

இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜ்கள் இதற்குச் சரியான போட்டி. பிற்பகல் நான்கு மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் நான்கு மணி வரை யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆனால் சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியற்காலை ஐந்து மணிக்கு அறை எடுப்பவருக்கு, மறுநாள் ஐந்து மணிக்கே கணக்கு முடிந்துவிடும். மாலை வரை இருக்க இரண்டாம் நாள் வாடகை முழுவதையும் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே மதுரையில் இறங்கி மதியத்துக்கு மேல் ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

ரயில் நிலையத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும் ரயில்வே ஓய்வறையை மதுரையில் ஒரே ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறேன். அதை வைத்து உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உறுதியான அல்லது ஆர்ஏசி பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்யலாம். அன்று அறை சுத்தமாகவே இருந்தது, ஆனால் ஒலிபெருக்கி அறிவிப்புகள் அப்பாவைத் தூங்கவிடவில்லை.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மட்டும் நான் சொன்ன வழி எடுபடாது. அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கும்போது அரை நாள் வாடகைக்கு எந்த ஹோட்டலும் சம்மதிக்காது. அந்த நாட்களில் போக வேண்டியிருந்தால், இரண்டு நாள் வாடகையையும் முன்கூட்டியே செலுத்தி அறையை உறுதி செய்துகொள்வேன். அதற்கு இயலாவிட்டால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பேன்.