ஏழு மாதமாகியும் கூடாத எலும்பு

மூன்று வார விடுமுறையில் வந்ததே அண்ணனைப் பார்க்கத்தான். பைக்கிலிருந்து விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து, உள்ளே கம்பி வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. போனில் எப்போது கேட்டாலும் "தேறிட்டேன்டா" என்பார். வந்து பார்த்தால் வாக்கரைப் பிடித்தபடி, அடிபட்ட காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி வருகிறார். தொடை பாதியாக இளைத்துக் கிடந்தது.

அறுவை சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். வரிசையைக் குறை சொல்ல மாட்டேன். நான் இருக்கும் நாட்டில் எலும்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அன்றைக்கே பார்த்துவிட்டோம். எக்ஸ்ரேயும் சட்டென்று கைக்கு வந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கூடிட்டு வருது, அடுத்த மாசம் வாங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அண்ணன் சிரித்தார். "நாலு மாசமா இதே வசனம்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பழைய படங்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டிப் பார்த்தார். முறிவு கணுக்காலுக்குச் சற்று மேலே. அங்கே எலும்பை மூடச் சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் இயல்பாகவே தாமதமாகத்தான் கூடும் என்றார். இந்த எலும்பு சாதாரணமாக நாலைந்து மாதத்தில் கூடிவிடுமாம். ஒன்பது மாதமாகி, அதில் கடைசி மூன்று மாதம் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால்தான் 'கூடவில்லை' என்று முடிவு கட்டுவார்களாம். அண்ணனுக்குப் பின்பக்கம் மட்டும் மங்கலாகப் புது எலும்பு படர்ந்திருந்தது.

அப்புறம் கேட்டார்: "சிகரெட் உண்டா?" உண்டு. வீட்டில் முடங்கிய பிறகு இரண்டு மடங்கு. நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று ஏழு மாதத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. காலை ஊன்றி நடக்கும்படியும் யாரும் சொல்லவில்லை. ஊன்றினால் கம்பி உடைந்துவிடும் என்று அவராகவே பயந்துகொண்டிருந்தார். ஓரளவு பாரம் விழுந்தால்தான் எலும்புக்கு வளரத் தூண்டுதல் கிடைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். சர்க்கரை, வைட்டமின் டி, உள்ளே கிருமித் தொற்று இருக்கிறதா என்பதற்கெல்லாம் ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆறு வாரம் பார்ப்போம், முன்னேற்றம் இல்லை என்றால் கம்பியின் ஒரு முனையில் ஸ்க்ரூவைக் கழற்றி முறிந்த முனைகள் நெருங்க வழி செய்யலாம், இல்லாவிட்டால் இன்னும் பருமனான கம்பி மாற்றலாம் என்றார்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். எடை பார்க்கும் மிஷினைத் தரையில் வைத்து, முள் இருபது கிலோ காட்டும் வரை காலை அழுத்தச் சொன்னார். முதல் தடவை அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அது வலியால் இல்லை, பயத்தால். விறைத்துப்போயிருந்த கணுக்காலை அரை மணி நேரம் பொறுமையாக அசைத்துக் கொடுத்தார்.

எக்ஸ்ரேயில் தெரியாதவையும் நிறைய. வேலையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. முழு பாரத்தையும் சுமந்து இடது முழங்கால் வலிக்கிறது. இரவில் பாத்ரூம் போக அண்ணியை எழுப்பக் கூச்சப்பட்டு, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டிருக்கிறார். ஆறேழு மாதம் ஒரு மனிதர் இப்படி இருந்தால் முகம் சிடுசிடுக்காதா? வீட்டில் எல்லோரும் அதை அவர் குணம் மாறிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். தூக்கம் வருகிறதா என்று அந்தப் பிசியோ பெண் கேட்டபோதுதான் முதன்முறையாக அவர் கண் கலங்கிப் பார்த்தேன்.

நான் திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துப் புதுப் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினார். முறிவைச் சுற்றி நாலு பக்கத்தில் இரண்டு பக்கம் எலும்பு சேர்ந்திருக்கிறதாம். ஸ்க்ரூவைக் கழற்றும் பேச்சு இப்போதைக்கு இல்லை. வாக்கர் போய் ஊன்றுகோல் வந்திருக்கிறது. சிகரெட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.