மஞ்சள் ஒளி லாந்தர்: செல்லைக் கழற்ற முடியுமா, முடியாதா?

கூடாரத்துக்கும் கரண்ட் போன இரவுக்கும் சேர்த்து ஒரே எல்.இ.டி. லாந்தர் வாங்கலாம் என்று தேடினால், கடைசியில் மூன்று வகைதான் மிஞ்சுகின்றன. முதல் வகையில் பேட்டரி உள்ளேயே அடைபட்டிருக்கும், யு.எஸ்.பி. கேபிளில் சார்ஜ் ஏற்ற வேண்டும். இரண்டாவதில் மூடியைத் திருகித் திறந்து 18650 என்கிற லித்தியம் செல்லைப் போட்டு எடுக்கலாம். மூன்றாவது, பென்சில் செல்லிலோ பெரிய டார்ச் செல்லிலோ ஓடுவது. நான் வாங்கியது இரண்டாவது வகை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

மஞ்சள் ஒளி ஏன் என்பதில் பெரிய வாதம் இல்லை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். அது 2700 முதல் 3000 வரை இருந்தால் பழைய குண்டு பல்பின் நிறம் கிடைக்கும். 6500 கெல்வின் வெள்ளை பக்கத்தில் இருந்தால் கண் கூசும். அதிலுள்ள நீலம் தூக்கத்தைத் தள்ளிப்போடும், பூச்சிகளையும் கூடுதலாக இழுக்கும். மஞ்சளில் ஒரே நஷ்டம், அதே மின்சாரத்துக்கு லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, கொஞ்சம் குறைவாக வரும். கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிற விளக்குக்கு அது பொருட்டே இல்லை. பெட்டியில் ‘வார்ம்’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம், கெல்வின் எண்ணைப் பாருங்கள். கூடவே சி.ஆர்.ஐ., அதாவது நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான மதிப்பெண், 90க்கு மேல் இருந்தால் நல்லது. சிவப்பு ஒயர் எது, பழுப்பு ஒயர் எது என்று பிரிக்கும்போதோ, காயத்தில் ரத்தம் நின்றதா என்று பார்க்கும்போதோ அதன் அருமை தெரியும்.

சரி, இப்போது பேட்டரி. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

அவசர விளக்கு வருஷத்தில் பெரும்பாலான நாள் அலமாரியில் சும்மா கிடக்கும். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும். முழு சார்ஜில், வெப்பத்தில் இருந்தால் சீக்கிரம் வயதாகும். நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே அதற்கு நல்லது. ஆனால் அவசரத்துக்கென்று வைத்த விளக்கு எப்போதும் முழு சார்ஜில் இருந்தால்தானே உதவும்? பேட்டரி அடைபட்ட லாந்தரில் இந்தச் சிக்கலுக்கு வழியே இல்லை. முழுசாக ஏற்றி வைத்தால் பேட்டரி தேயும், பாதியில் வைத்தால் வேண்டிய சமயத்தில் பாதி நேரம்தான் எரியும். சில வருஷம் கழித்து பேட்டரி படுத்துவிட்டால், எல்.இ.டி. புத்தம் புதிதாக இருந்தும் லாந்தரே குப்பைக்குப் போகும்.

செல்லைக் கழற்ற முடிந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஒரு செல்லை முழு சார்ஜில் லாந்தருக்குள் வைக்கிறேன், இன்னொன்றை பாதி சார்ஜில் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன். அவ்வப்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறேன். உள்ளே இருப்பது தேய்ந்தால் தேயட்டும், செல்லை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று, ரகசியக் கசிவு. அழுத்தும் பொத்தான் உள்ள பல லாந்தர்களில் விளக்கு அணைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். என்னுடையதில் அடி மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும். பையில் பொத்தான் அழுந்தி, தானாக எரிந்து தீர்ந்துபோகும் தொல்லையும் அதோடு போகும். அடைபட்ட வகையில் சிலவற்றில் பொத்தான் தானாக அழுந்தி எரியாமல் தடுக்கும் மின்னணுப் பூட்டு உண்டு. ஆனால் அது கசிவை நிறுத்தாது.

செல் வாங்கும்போது கவனம் வேண்டும். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நேர்மையான செல்லில் கொள்ளளவு பொதுவாக 2500 முதல் 3500 எம்.ஏ.எச். வரை எழுதியிருக்கும். 9900 என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடலாம். நல்ல செல் பொதுவாக 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி கையிலெடுத்தாலே லேசாக இருக்கும். பாதுகாப்பு சர்க்யூட் சேர்த்த செல் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், எல்லா லாந்தரிலும் மூடி பொருந்தாது. சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போடவே கூடாது. மேலுறை கிழிந்த செல்லையும் பயன்படுத்த வேண்டாம். இந்த வகையின் பெரிய குறையே இதுதான்: வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், ‘கழற்றலாம்’ என்று சொல்லிவிட்டு அந்தக் கம்பெனியின் தனிப்பட்ட செல்லை மட்டுமே ஏற்கும் லாந்தர்களும் உண்டு. கழற்றி என்ன பயன்?

அடைபட்ட வகையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். எடை குறைவு, நீர் புகாமல் செய்வது சுலபம், மடக்கி வைக்கலாம். அடிக்கடி காட்டுக்குப் போகிறவர் என்றால் சும்மா கிடக்கும் பிரச்சினையே அவருக்கு இல்லை. ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் சி டைப் துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் சி டைப்பாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய தட்டை முனை கேபிள்தான் அதற்குக் கதி.

பென்சில் செல் லாந்தருக்கு அல்கலைன் செல்லின் கசிவுதான் எமன். மறந்து உள்ளேயே விட்டால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொருக்கு கட்டிவிடும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் சில சமயம் பிழைக்கும். சேமிக்கும் மின்சாரத்தை வாட் மணியில் (ஒரு வாட் விளக்கை ஒரு மணி நேரம் எரிக்கும் அளவு) சொன்னால், மூன்று ரீசார்ஜ் பென்சில் செல் சேர்ந்து தருவது சுமார் 7, ஒரே ஒரு 18650 சுமார் 11 தரும். பெரிய டார்ச் செல் நான்கு போட்டால் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், ஆனால் செல் எடையே அரைக் கிலோவைத் தாண்டும். முதுகுப் பைக்கு ஆகாது, வீட்டோடு இருக்கும் விளக்குக்குச் சரி.

‘100 மணி நேரம் எரியும்’ என்ற விளம்பரத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். டார்ச், லாந்தர் கம்பெனிகள் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற அளவீட்டு முறையில், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரிநேரமாகவே கணக்கு. மங்கி மங்கி எரிவதும் அதில் சேர்த்திதான். நான் போடும் கணக்கு, 100 லூமன் மஞ்சள் ஒளிக்கு ஏறக்குறைய 1 வாட். அப்படியானால் 11 வாட் மணி ஒரு ராத்திரியைத் தாண்டாது. கூடாரத்துக்குள் 20, 30 லூமனே தாராளம் என்பதால் நடைமுறையில் சில ராத்திரிகள் ஓடிவிடும்.

மூடியில் சூரியத் தகடு பதித்தவற்றை நான் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் உள்ளங்கை அகலத் தகடு நாள் முழுக்க வெயில் காய்ந்தாலும் ஏற்றுவது சொற்பம், அந்த வெயிலில் பேட்டரியும் சேர்ந்து வேகும். பனி உறையும் இடங்களிலும் எனக்கு அனுபவம் இல்லை. லித்தியம் அயான் செல் குளிரில் திறன் இழக்கும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. அங்கே போகிறவர்கள் ரீசார்ஜ் ஆகாத 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல் போட்ட லாந்தரைப் பார்க்கலாம். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதென்றாலும் நான் அதையேதான் எடுப்பேன். சார்ஜ் ஏற்றும் வேலை இல்லை, பத்து வருஷத்துக்கு மேலும் அலமாரியில் தாங்கும்.